பதினேழாம் நம்பர் படம்

பினாங்கில் இருபது வருஷம் அரண்மனை கட்டியவர் அய்யாக்கண்ணு. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அல்ல, காடாத் துணியும் வஜ்ஜிரப் பசையும் கொண்டு. பங்சாவான் நாடகக் கொட்டகையில் ராஜா கொலுவிருக்க ஒரு மண்டபம், ராணி அழுவதற்கு ஒரு பூந்தோட்டம், இளவரசன் வழி தவறிப் போக ஒரு காடு, கப்பல் கவிழ ஒரு கடல், எல்லாம் அவர் கைவேலைதான். நாடகம் மலாயில் நடக்கும். கதை எந்தத் தேசத்துக் கதையென்று ஆடுகிறவர்களுக்கே தெரியாது. பாட்டுக்கு ஹார்மோனியம் வாசித்தவர் சீனி முகம்மது. பின்னால் தொங்கிய படுதாக்களுக்கு அய்யாக்கண்ணு. நாடக நோட்டீசில் குதிரை வேஷம் கட்டியவன் பெயர்கூட வரும், அய்யாக்கண்ணு பெயர் வந்ததில்லை.

நிபோங் திபாலில் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் படகேறி ஜார்ஜ் டவுனுக்கு வந்து, கடைகளுக்கு வெள்ளையடிக்கிற கூட்டத்தில் சேர்ந்தார். 1908இல் கொட்டகைக்கு வெள்ளையடிக்கப் போன இடத்தில், கிழிந்து தொங்கிய ஒரு காட்டுப் படுதாவில் யாரும் சொல்லாமலே நாலு மரத்தை ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். முதலாளி பார்த்துவிட்டு, சுவரை விடு, துணியைப் பிடி என்றார். அன்று பிடித்ததுதான்.

அந்த வேலையில் இரண்டு சங்கதி உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரைக் கவிழ்த்தது இந்த இரண்டும்தான், ஊர்க்காரர்கள் பிற்பாடுதான் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

முதலாவது, படுதா என்பது தூரத்துக்கும் விளக்குக்கும் எழுதுவது. துணியைக் கொட்டகைத் தரையில் விரித்து, துடைப்பக்கட்டை அளவு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, அதன்மேல் நடந்து நடந்து எழுத வேண்டும். கிட்டத்தில் நின்றால் திட்டுத்திட்டாக அப்பல்தான் தெரியும். முப்பதடி தள்ளி, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தால்தான் அந்த அப்பல் தூணாகும், இலையாகும், மனுஷ முகமாகும். விளக்கோ மஞ்சள். மஞ்சள் வெளிச்சம் நீலத்தைத் தின்றுவிடும். ஆகையால் முகத்தின் நிழலுக்கெல்லாம் நீலத்தை அள்ளிப் போட வேண்டும். பகலில் பார்த்தால் அந்த முகம் விஷம் ஏறியது போலக் கிடக்கும். விளக்கைப் போட்டால் உயிர் வந்துவிடும்.

இரண்டாவது, அந்தச் சாயம் தண்ணீருக்குத் தாங்காது. வர்ணப் பொடியை வஜ்ஜிரப் பசையில் காய்ச்சிப் பூசுவதோடு சரி. ஒரு நாடகம் ஓய்ந்ததும் படுதாவைக் கொல்லையில் விரித்து, தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் அரண்மனை சாக்கடையில் போய்விடும். காய்ந்த துணியில் அடுத்த நாடகத்துக்கு அடுத்த அரண்மனை. இப்படி எத்தனையைக் கழுவிவிட்டார் என்று அவருக்கே கணக்கில்லை. நாற்பது வயதை நெருங்கும்போது அவர் எழுதிய படம் இந்த உலகத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை என்பது ஒருநாள் சோறு தின்கையில் உறைத்தது. கை பிசைந்தபடியே நின்றுவிட்டது. பெண்சாதி வள்ளியம்மா, "என்னங்க, உப்பு கூடிப்போச்சா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்றார்.

1928ஆம் வருஷம் டத்தோ கிராமட் சாலையில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து, கலா வினோத சபை என்று ஒன்றைப் பெரிய மனிதர்கள் ஆரம்பித்தார்கள். தலைவர் ஓர் அரிசி வியாபாரி. கலைக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது, ஆனாலும் நாற்காலிக்கும் அவருக்கும் நல்ல பொருத்தம். காரியதரிசி ஜபருல்லா, துணிக்கடைக்காரர். ஓடியாடி வேலை செய்கிற நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதைக் குத்தலாகச் சொல்லவில்லை. இந்தக் கதையில் கெட்டவர்கள் அதிகம் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

சபை ஒரு நோட்டீஸ் போட்டது. மூன்று நாள் சித்திரக் கண்காட்சி, மூன்றாம் நாள் சாயங்காலம் சங்கீதக் கச்சேரி. யார் வேண்டுமானாலும் படம் வைக்கலாம். டிக்கெட் வாங்குகிறவருக்கெல்லாம் ஒரு சீட்டு. மனசுக்குப் பிடித்த படத்தின் நம்பரை அதில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அதிக ஓட்டு வாங்கிய படம் சபை மண்டபத்தின் நடுச்சுவரில், எழுதியவர் பெயரோடு, என்றைக்கும் இருக்கும்.

ஊரில் ஓட்டுப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பினாங்கு நகரசபைக்கு அப்போது நமக்கெல்லாம் ஏது ஓட்டு, மேலே இருப்பவர்கள் பார்த்து நியமித்தால்தான் உண்டு. படத்துக்காவது போடலாமே என்று காப்பிக்கடையில் பேசிக்கொண்டார்கள். அய்யாக்கண்ணுவுக்கு ஓட்டைப் பற்றிக் கவலையில்லை. நோட்டீசில் 'என்றைக்கும்' என்ற ஒரு வார்த்தை இருந்தது. அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார்.

என்ன எழுதுவது என்று அவர் யோசிக்கவே இல்லை. ராஜாவும் தோட்டமும் எழுதி எழுதிப் புளித்துப்போயிருந்தது. ஜெலுத்தோங்கில் அவர் குடியிருந்த பலகை வீட்டு வரிசைக்கு முன்னால், ரோட்டோரம் ஒரு குழாய் உண்டு. விளக்கு வைக்கிற நேரத்தில் வள்ளியம்மா பித்தளைக் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, குடம் நிரம்புகிற சத்தத்தைக் கேட்டபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். எதிர்க் கடையின் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழும். இடது பக்கம் பெரிய அங்சானா மரம், வலது பக்கம் அவள். பன்னிரண்டு வருஷமாக டிராமை விட்டு இறங்கும்போதெல்லாம் அவர் பார்த்த காட்சி அது. ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

ஒன்பதடிக்கு ஏழடி காடாத் துணி. வேறு அளவு அவருக்குத் தெரியாது. காலை வேளைகளில் கொட்டகைத் தரையில் விரித்து எழுதினார். எழுதிக்கொண்டிருக்கும் விஷயத்தை மட்டும் வீட்டில் சொன்னார்.

"உன்னைத்தான் எழுதுறேன்," என்றார்.

வள்ளியம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "என்னையா? வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?"

"நீ பாக்கணும். சபையில தொங்கவிட்டப்புறம் வந்து பாரு."

"எந்தச் சீலை?"

"என்னது?"

"என்ன சீலை கட்டி எழுதியிருக்கீங்கன்னு கேக்குறேன்."

"பழைய பச்சை. குழாயடிக்குக் கட்டுவியே அது."

"நல்லதா ஒண்ணு கட்டி எழுதக்கூடாதா," என்று முணுமுணுத்தாள். ஆனால் அன்று ராத்திரிச் சோற்றில் கருவாடு இரண்டு துண்டு கூடுதலாக இருந்தது. அடுத்த நாளே வரிசை முழுக்க விஷயம் பரவிவிட்டது. பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி, வேலிக்கு மேல் தலையை நீட்டி, "வள்ளியக்கா, சபைக்கு எங்களையும் கூட்டிப் போகணும்," என்று கேட்டாள். வள்ளியம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

படம் முடிந்த அன்று சீனி முகம்மது கொட்டகையில் ஹார்மோனியத்துக்குத் துருத்தி மாற்றிக்கொண்டிருந்தார். அய்யாக்கண்ணு துணியைக் கயிற்றில் ஏற்றி, காஸ் விளக்கு ஒன்றைக் கொளுத்தி, அவரைக் கடைசி பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போனார். சீனி முகம்மது பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து பார்த்தார். பிறகு, "மச்சான், குடம் ரொம்பப்போவுது, குழாயை மூடச் சொல்லு," என்றார். அய்யாக்கண்ணுவுக்கு அதற்கு மேல் ஒரு பாராட்டும் வேண்டியிருக்கவில்லை.

கண்காட்சிக்கு மூன்று நாள் முன்பு சபையிலிருந்து ஆள் வந்தது. மண்டபத்தின் மேடைக்கு வளைவும் பூவேலையும் எழுதித் தர முடியுமா என்று ஜபருல்லா கேட்டிருந்தார். சபைக் காரியம், கூலி என்ன கேட்பது என்று அய்யாக்கண்ணு சும்மாவே செய்தார். ஏணியில் நின்று வளைவுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருக்கும்போதுதான், கீழே படம் கொடுத்த மற்றவர்கள் சுவருக்குச் சுவர் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ராமசாமி, தலைவரின் போட்டோவைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி வரைந்த ஒரு படத்தைக் கட்டிக்கொண்டு, நல்ல வெளிச்சம் எங்கே என்று அளந்துகொண்டிருந்தான்.

ஜபருல்லா ஏணியடியில் வந்து நின்றார். "அண்ணே, உங்க படம் ரொம்பப் பெருசா இருக்குலா. சுவத்துல போட்டா நாலு பேரு இடம் போயிரும். எங்க போடட்டும், சொல்லுங்க."

அய்யாக்கண்ணு இறங்கவில்லை. கையில் பச்சை சொட்டிக்கொண்டிருந்தது. "எங்கயாச்சும் போடுங்க தம்பி," என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். கொட்டகையில் இருபது வருஷமும் அவர் இடம் கேட்டதே இல்லை. படுதா எங்கே தொங்குமோ அங்கே தொங்கும். பார்க்கிறவர்கள் எட்டப் போய் உட்கார்வார்கள். பார்க்க வேண்டிய நேரத்தில் விளக்கு எரியும். படம் வைத்தவனே ஓடி ஓடி இடம் பார்க்க வேண்டும் என்ற இன்னோர் உலகம் இருப்பது அவருக்குத் தெரியாது. ஜபருல்லாவும் சொன்னபடியே எங்கேயோ போட்டுவிட்டார்.

அது எங்கே என்றால், மண்டபத்துக்குப் பின்னால், கிணற்றடிக்குப் போகிற நடையில். ஆறடி அகலம். ஒரு பக்கச் சுவர் முழுக்கப் படம், எதிர்ப்பக்கம் மண்டபத்துக்குத் திறக்கும் பெரிய வாசல். வாசல் திறந்திருந்தாலாவது மண்டபத்துக்குள் தள்ளி நின்று பார்த்திருக்கலாம். அந்த வாசலை மறைத்துத்தான் ஒரு பலகைத் தட்டி நிறுத்தி, அதில் ராமசாமியின் படத்தை மாட்டியிருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக நடைக்குள் நுழைந்து, சுவரை மூக்கு உரச நடந்து, மறுமுனையில் வெளியே போக வேண்டும். மேலே கூரை ஓட்டில் ஒரு கண்ணாடி. வெள்ளை வெயில் நேராகத் துணியில் விழுந்துகொண்டிருந்தது.

முதல் நாள் காலையில் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருந்தார்கள். வள்ளியம்மா கல்யாணச் சேலை கட்டி, தனலெட்சுமியும் இன்னும் ஏழு பெண்களும் புடைசூழ டிராமில் வந்து இறங்கினாள். அய்யாக்கண்ணு வாசலிலேயே காத்திருந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். நடைக்குள் காலை வைத்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பெண்கள் அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள்.

ஒன்பது பேரும் துணியின் முன் வரிசையாக நின்றார்கள். முதுகு எதிர்ப்பக்கத்துத் தட்டியில் இடித்தது. பச்சையாக ஒரு திட்டு, பழுப்பாக ஒரு திட்டு, உள்ளங்கை அகலத்துக்கு நீலம், அதன் பக்கத்தில் செங்கல் நிறத்தில் ஓர் இழுப்பு. தனலெட்சுமி வள்ளியம்மாவைப் பார்த்தாள். வள்ளியம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, துணியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெல்ல நடந்தாள். திரும்பவும் நடந்தாள்.

"இதுல நான் எங்கங்க?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

அவர் விரலை நீட்டிக் காட்டினார். விரல் காட்டிய இடத்தில் நீலம்தான் இருந்தது. அவருக்கே அங்கே முகம் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வேறு பெண்களோடு வந்திருந்த ராமசாமியின் அக்காள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு இது, பாம்பு கடிச்ச பொம்பளையா?" என்று கேட்டாள். கேலிக்குக் கேட்டதுகூட இல்லை, தெரியாமல்தான் கேட்டாள். நடையில் இருந்த முன்பின் தெரியாத பெண்கள் சிரித்தார்கள். ஜெலுத்தோங் பெண்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

வள்ளியம்மா முகத்தில் ஈயாடவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வெளியே வந்ததும் ஓட்டுச் சீட்டைத் தனலெட்சுமியிடம் நீட்டி, "பதினேழுன்னு எழுதிக் குடு," என்றாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகப் பதினேழு என்று எழுதச் சொல்லி, மடித்துப் பெட்டியில் போட்டார்கள். செத்த வீட்டில் வாய்க்கரிசி போடுவது மாதிரி இருந்தது அய்யாக்கண்ணுவுக்கு.

அவர் ஜபருல்லாவிடம் ஓடினார். தட்டியை மட்டும் எடுங்கள், வாசல் திறந்தால் மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து தெரியும், சாயங்காலம் விளக்குப் போட்டதும் ஜனங்களைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். ஜபருல்லா தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, தட்டியில தலைவர் படம் இருக்குலா. அத எப்படி நான் எடுக்கிறது? அதோட அஞ்சு மணிக்குப் பெட்டிய மூடிருவோம். விளக்கு போடறது கச்சேரிக்குத்தான். அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா மேடைக்குப் பின்னால போட்டிருப்பேன்."

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

மூன்றாம் நாள் ஐந்து மணிக்குப் பெட்டியைப் பூட்டி எண்ணினார்கள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. தலைவரின் கிட்டங்கியிலிருந்து மூட்டை தூக்குகிறவர்களை லாரியில் ஏற்றி வந்து டிக்கெட் கொடுத்திருந்தார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. ராமசாமிக்கு இருநூற்று முப்பது. ஆனால் அந்த லாரி வராவிட்டாலும் அய்யாக்கண்ணு ஜெயித்திருக்கப்போவதில்லை. பதினேழாம் நம்பருக்கு விழுந்தவை பதினொன்று. அதில் ஒன்பது ஜெலுத்தோங் பெண்கள் போட்டது. பத்தாவது சீனி முகம்மது. பதினொன்றாவதை அய்யாக்கண்ணுவே போட்டார். அந்த நடையில் படத்தைப் பார்த்து, பிடித்து, போட்டவர் என்று ஒருவர்கூட இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று.

ஆறரைக்குக் கச்சேரி. ஜெயித்த படத்துக்கு மாலை போட வேண்டும் என்று தட்டியிலிருந்து கழற்றி மேடைக்குக் கொண்டு போனார்கள். கூட்டம் அதிகம், காற்றோட்டம் வேண்டும் என்று யாரோ வெறும் தட்டியையும் தூக்கி ஓரம் வைத்தார்கள். மின்சார விளக்குகளைப் போட்டார்கள். மேடையில் ஹார்மோனியத்தோடு உட்கார்ந்திருந்த சீனி முகம்மது சுருதி பிடித்தார், தலையை நிமிர்த்தினார், வாசிப்பை அப்படியே நிறுத்திவிட்டார். பாட வேண்டியவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் எதிரே பார்த்தார்.

மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் பார்ப்பதைக் கண்டு ஜனங்களும் திரும்பினார்கள். மண்டபத்தின் அந்தக் கோடியில், திறந்த வாசலுக்கு அப்பால், மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு ரோடு இருந்தது. குழாயடியில் குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. பழைய பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, ஒரு கன்னத்தில் கடை வெளிச்சம் விழ, வேலை முடிந்த களைப்போடு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கிழவர், குழாய் இருக்கிறதென்றே நினைத்து, எழுந்து இரண்டடி நடந்துவிட்டு வெட்கப்பட்டு உட்கார்ந்தார்.

முன்வரிசையில் இருந்த சில்லறை வியாபாரி முகம்மது கனி எழுந்தார். "தலைவரே, இந்தப் படத்த நாங்க இப்பதான் பாக்குறோம். பெட்டிய மறுபடி வைங்க," என்றார்.

ஐம்பது பேராவது ஆமாம் என்றார்கள். அய்யாக்கண்ணு தூணோரம் நின்றுகொண்டிருந்தார். அந்த ஒரு நிமிஷம் அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

தலைவர் கழுத்தில் மாலையோடு புன்னகை செய்தார். "நம்ம ஜனங்களுக்கு ஓட்டோட மரியாதை தெரியணும். பெட்டி பூட்டியாச்சு, எண்ணியாச்சு. நினைச்சப்ப திறக்கிறதுக்கு இது உண்டியலா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நியாயம்தானே என்று முகம்மது கனியும் உட்கார்ந்துவிட்டார். தலைவர் பெரிய மனசு பண்ணி, அந்தப் பெரிய துணியும் சபைக்கே இருக்கட்டும், இனி கச்சேரிகளுக்கு மேடைப் படுதாவாகப் போடலாம் என்று சொன்னார். கைதட்டினார்கள். பிறகு பாட்டு தொடங்கியது.

இப்படியாக ராமசாமியின் படம் பெயரோடு நடுச்சுவரில் ஏறியது. அய்யாக்கண்ணுவின் படம் பெயரில்லாமல் மேடைக்குப் பின்னால் தொங்கியது. அதுவும் போதும் என்றுதான் அவர் நினைத்தார். கச்சேரி தோறும் போய்க் கடைசியில் நின்றார். பாடுகிறவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை, ஜனங்கள் எங்களைப் பார்க்காமல் குடக்காரியைப் பார்க்கிறார்கள் என்று குறைப்பட்டார்கள். வள்ளியம்மாவை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டிவிட வேண்டும் என்பதே அவர் ஆசையாக இருந்தது. சபைக் கச்சேரிக்குப் பெண்களை விடுவதில்லை. சரஸ்வதி பூஜைக்கு விட்டார்கள், ஆனால் அது காலையில். பகலில் இன்னொரு தரம் அவளை அந்த நீலத்தின் முன் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

"ஒருநாள் விளக்குல காட்டுறேன்," என்று அவளிடம் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதான் பாத்தேனே," என்பாள் அவள்.

1930இல் பேசும் படம் வந்தது. கொட்டகை முதலாளி படுதாக்களைச் சுருட்டி வீசிவிட்டு ஒரே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார். அதில் எழுத ஒன்றுமில்லை. சீனி முகம்மது மெடானுக்கு ஒரு நாடகக் கூட்டத்தோடு கப்பலேறிவிட்டார். அய்யாக்கண்ணு ஆறு மாசம் கடைப் பலகைகளில் எழுத்து எழுதித் தருகிறேன் என்று கடைத்தெருவில் அலைந்தார். சீன எழுத்தும் இங்கிலீஷ் எழுத்தும் தெரியாதவருக்கு யார் வேலை தருவார்கள்.

அந்த வருஷக் கடைசியில் சபைக்குத் தேர்தல் வந்தது. தலைவரை எதிர்த்து ஒரு மரவியாபாரி நின்றார். ராமசாமி இப்போது சபையின் உதவிக் காரியதரிசி. சைக்கிளில் ஜெலுத்தோங்குக்கு வந்தான், கையில் சுருட்டிய துணியோடு.

"அண்ணே, ஓட்டு ஞாயித்துக்கிழமை. சபை வாசல்ல தலைவர் படம் பெருசா நிக்கணும். நடுச்சுவத்துல இருக்கே நம்ம படம், அதே மாதிரி எழுதிக் குடுங்க. புதுத் துணி எதுக்கு, இதக் கழுவிட்டு எழுதிருங்க. மழைக்காலம், இன்னிக்கே கழுவினாத்தான் காயும்."

அய்யாக்கண்ணு துணியைப் பார்த்தார். "இது ஜனங்க பாக்குற படம் தம்பி," என்றார்.

"பாத்தாச்சுலாண்ணே, ரெண்டு வருஷமா," என்றான் ராமசாமி. கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. "தலைவர் உங்களைத்தான் கூப்பிடச் சொன்னார். வேலையில்லாம இருக்கீங்கன்னு நான்தான் சொன்னேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் அரிசிப் பானை எந்த நிலையில் இருந்ததென்று அவருக்குத் தெரியும். சரி என்றார்.

ராமசாமி போனதும் வீட்டு முன்னால் இரண்டு கம்பத்துக்கு நடுவே துணியைக் கட்டினார். மூன்று மணி வெயில் சுளீரென்று அடித்தது. விளக்கு நேரம் வரை வைத்திருக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். வீட்டில் இருப்பது ஒரு சிம்னி விளக்கு. வீட்டு வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவே பன்னிரண்டடி. சாக்கடைக்கு அந்தப் பக்கம் சீனர் ஒருவரின் கீரைத் தோட்டம், முள்வேலி போட்டது. முப்பதடிக்கு எங்கே போவது.

வள்ளியம்மா குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். கழுவப்போகிறார் என்பது அவளுக்குத் தெரியும். பச்சைச் சேலை கந்தலாகி எப்போதோ கரித்துணியாகிவிட்டிருந்தது. குடம் மட்டும் அதே பித்தளைக் குடம்.

"கீழ வை," என்றார் அவர். "அங்க போ. சாக்கடை ஓரமாப் போய் நில்லு. இன்னும் கொஞ்சம் பின்னால போ. விழுந்துராத."

அவள் போய் நின்றாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள், வழக்கம் போல.

"கண்ணைப் பாதி மூடிக்கிட்டுப் பாரு. தெரியுதா?"

வள்ளியம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவர் துணியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுதுங்க," என்றாள் கடைசியில். "நல்லாத் தெரியுது. அப்படியே நான்தான். பேசுற மாதிரி இருக்கு."

அவள் பார்த்துக்கொண்டிருந்தது இடது பக்கத்து மரத்தை.

அய்யாக்கண்ணு தலையை ஆட்டினார். குனிந்து குடத்தை எடுத்து, வலது பக்கத்திலிருந்து ஊற்றத் தொடங்கினார்.